ஒரே பேர், ஒரே மில்லிகிராம், வேறு மருந்து

போன மாசம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். கிட்னி மாற்றி ஏழு வருஷம் ஆகிறது. பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்கப் போடும் சைக்ளோஸ்போரின் கேப்சூல்கள், அட்டையிலிருந்து பிரித்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சிலது வதங்கிக் குழி விழுந்திருந்தது.

"வேளைக்கு வேளை பிதுக்கக் கை நோவுதுன்னு அவ மாசத்துக்குள்ளதை மொத்தமாப் பிரிச்சு வச்சிருதா தம்பி."

இந்த அட்டையைப் பிரித்தால் லேசாகச் சாராய வாசம் வரும். கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு. கெடவில்லை. மருந்தைக் கரைத்து வைத்திருப்பதில் அந்த ஆல்கஹாலுக்கும் பங்கு இருக்கிறது. டப்பாவில் போட்டால் அது பறந்துவிடும்.

சைக்ளோஸ்போரின் தண்ணீரில் கரையாத மருந்து. முதலில் வந்தது எண்ணெயில் கரைத்த வடிவம். பித்தநீர், சாப்பாடு இவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் ரத்தத்தில் சேரும் அளவு மாறியது. 1995-இல் அமெரிக்காவில் மைக்ரோஎமல்ஷன் வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது.

அண்ணாச்சிக்குத் தேங்காய்ப் பாலில் வைக்கிற சொதிக் குழம்பை வைத்துத்தான் சொன்னேன். தேங்காய்ப் பால் தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை. துளிகள் பெரியவை, ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. வைத்திருந்தால் ஆடை மேலே ஏறும், கொதித்தால் திரிந்துபோகும். மைக்ரோஎமல்ஷன் துளிகளோ பொதுவாக 100 நானோமீட்டருக்கும் கீழே. அதனால் தெளிவாக இருக்கும், தானாகப் பிரியாது. உங்கள் கேப்சூலுக்குள் எண்ணெய்ப் பொருள், ஆல்கஹால், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கலப்பான் எல்லாம் சேர்ந்திருக்கிறது. வயிற்றுத் தண்ணீர் பட்டதும் அதுவே பொடிப்பொடித் துளியாகி மருந்தைச் சுமந்து போகும். அந்தச் சேர்மானம் குலைந்தால் மருந்து உள்ளே இருந்தும் சரியாகச் சேராது.

கேட்டுக்கொண்டிருந்தவர் இன்னொன்றும் சொன்னார். நடுவில் ஒரு தடவை வேறு கடையில், விலை குறைவென்று வேறு கம்பெனி மருந்து வாங்கியிருக்கிறார். "அதே பேரு, அதே 100 மில்லிகிராம்தான தம்பி?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்ணெய் வடிவமும் மைக்ரோஎமல்ஷனும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. ரத்தத்தில் அளவு குறைந்தால் உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளும். கூடினால் இந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். பம்பளிமாஸ் பழம்கூட அளவை ஏற்றிவிடும். கம்பெனி மாற்றுவதானால் டாக்டருக்குத் தெரிந்து, ரத்தம் பார்த்து மாற்ற வேண்டும்.

2021-இல் கருப்புப் பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் தேடி ஜனங்கள் அலைந்தது நினைவிருக்கும். அதிலும் இதே கதைதான். பழைய வடிவம் ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. லைப்போசோமல் வடிவம் 3 முதல் 5, கருப்புப் பூஞ்சைக்கு அதற்கு மேலும் கொடுப்பார்கள். நம் செல்களின் சவ்வில் இருப்பதைப் போன்ற கொழுப்பால் ஆன நானோ உருண்டைக்குள் மருந்து அடங்கியிருப்பதால் உடம்பு அதைத் தாங்குகிறது. அந்த அளவைப் பழைய வடிவத்தில் ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம். சீட்டில் 'லைப்போசோமல்' என்ற ஒரு சொல் விடுபட்டாலும் கடைக்காரர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

அண்ணாச்சியின் டாக்டரிடம் அங்கிருந்தே பேசினோம். டப்பாவில் இருந்ததை விட்டுவிட்டுப் புது அட்டை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மாத்திரை போடாமல் லேபுக்குப் போகச் சொன்னார் டாக்டர், அடுத்த வேளைக்கு முன்னால் இருக்கும் அளவைத்தான் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுத்த கையோடு போட்டுக்கொள்ள, மாத்திரையை அட்டையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்க என்று நான் சொல்லி அனுப்பினேன்.