நாலாயிரம் பைட்டில் ஒரு திரை

என்னிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. 512 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் செயலி. முன்பு அதை ஆன் செய்தால் மேசைத்திரை வந்து அடங்கவே பல நிமிடம் ஆகும். ஒரு பிரவுசரைத் திறந்துவிட்டால் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கி ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்கும். இப்போது அதே மெஷினில் ஒரு நிமிடத்துக்குள் 'லாகின்' என்று ஒரு வரி வந்து எனக்காகக் காத்திருக்கிறது. உள்ளே ஒரு திருகைக்கூட நான் மாற்றவில்லை. வெறும் எழுத்துகள் மட்டும் தெரியும் திரைக்கு மாறி, படம் வரையும் வேலையை மட்டும் அதன் தலையிலிருந்து இறக்கி வைத்தேன்.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1024க்கு 768 என்ற அளவுள்ள திரையில் 7,86,432 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 4 பைட். ஆக ஒரே ஒரு திரைக்கு 31,45,728 பைட், அதாவது 3 எம்பி. இன்றைய வரைகலைச் சூழல்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சாளரமும் தன் படத்தைத் தனியே நினைவகத்தில் வைத்திருக்கும். எழுத்துருக்கள், ஐகான்கள், நிழல்கள் எல்லாம் அதற்கு மேல். ரேம் போதாதபோது இயங்குதளம் டிஸ்கின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும். ஸ்வாப் என்பது அதுதான். டிஸ்க் ரேமைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. அந்தக் கரகர சத்தத்துக்குக் காரணம் இதுவே. செயலி பெரும்பாலும் டிஸ்குக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தது.

எழுத்துத் திரை வேறு வகை. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற திரைக்காட்சி முறை, எழுத்துக்கென்று தனி முறை ஒன்றை வைத்திருக்கிறது. 80 பத்தி (மேலிருந்து கீழான வரிசை), 25 வரி, மொத்தம் 2,000 கட்டங்கள். கட்டத்துக்கு 2 பைட் வீதம் திரை முழுவதும் 4,000 பைட்டுக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன வரைகலைத் திரையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 786இல் ஒரு பங்கு. (80 என்ற எண், தகவலைத் துளைகளாகக் குத்தி வைத்த துளை அட்டைக் காலத்தது. 1928இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய அட்டையில் 80 பத்திகள் இருந்தன.)

ஒரு கட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதல் பைட்டில் 65, இரண்டாவதில் 7 என்று எழுதினால், கறுப்புப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து தோன்றும். அந்த 7ஐ 4 ஆக்கினால் எழுத்து சிவப்பாகும். செயலியின் வேலை அந்த இரண்டு எண்களை எழுதுவதோடு சரி. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்ற அட்டவணை வரைகலை அட்டையிடமே இருக்கிறது. அது நொடிக்கு 70 முறை அந்த 4,000 பைட்டைப் படித்து, வடிவத்தைத் தேடி எடுத்து, புள்ளிகளாக மானிட்டருக்கு அனுப்புகிறது. திரை ஒரு வரி மேலே நகர வேண்டுமா? 24 வரிகளை, அதாவது 3,840 பைட்டை, நகர்த்தினால் போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய லினக்ஸ் இயங்குதளத்தில் வரைகலை அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் ஏறிவிட்டால், கர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையமே, எழுத்துகளைப் புள்ளியாக வரைந்து காட்டும். கணினி பூட் ஆகும்போது, அதாவது எழும்போது, 'நோமோட்செட்' என்று ஒரு சொல் சேர்த்தால் பழைய முறையிலேயே இருக்கும். அப்படிச் சேர்க்காவிட்டாலும் சாளரமும் ஐகானும் இல்லாததால் பாரம் குறைவுதான்.

சரி, எதை நிறுவுவது? டெபியன் என்ற லினக்ஸ் வகையை மேசைத்திரை இல்லாமல் நிறுவலாம். ஆனால் 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியே கிடையாது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரல்கள் மட்டும் வேண்டும் என்றால் ஃப்ரீடாஸ் நல்லது. நான் எடுத்தது ஆல்பைன் லினக்ஸ். அதன் சிறுமைக்கு முக்கியக் காரணம் பிஸிபாக்ஸ் என்ற ஒரே ஒரு நிரல். கோப்பைப் பட்டியலிட ஒரு கட்டளை, நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று என்று லினக்ஸில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆல்பைனில் அவற்றில் பெரும்பாலானவை வெறும் பெயர்ப்பலகைகள். எந்தப் பெயரைத் தட்டினாலும் ஓடுவது அதே பிஸிபாக்ஸ்தான். தன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற வேலையைச் செய்துவிட்டுப் போகும். எல்லாக் கட்டளைக்கும் பொதுவான நிரல்வரிகள் ஒரே ஒரு முறை இருந்தால் போதும் என்பதால் எக்கச்சக்கமாக இடம் மிச்சமாகிறது. 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் இதை எழுதியதே, டெபியன் நிறுவியை 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றுக்குள் அடக்குவதற்காகத்தான். அந்தக் கட்டாயத்தில் பிறந்த சிக்கனம் இன்றும் ரவுட்டர்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவும் வட்டு முழுவதன் நகலை, பென் டிரைவில் சாதாரணமாக இழுத்துப் போட்டால் பூட் ஆகாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. ஏன் ஆகாது என்று தெரிந்துகொண்டால் அப்புறம் மறக்காது. கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல் பயாஸ். பழைய கணினியின் பயாஸுக்குக் கோப்பு, அடைவு எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் டிஸ்கின் முதல் 512 பைட்தான். அதை ரேமில் 31,744ஆம் முகவரியில் ஏற்றும். கடைசி இரண்டு பைட் 85, 170 என்று இருக்கிறதா எனப் பார்க்கும். இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அந்த நிரலிடம் கணினியை ஒப்படைத்துவிடும். ஆகவே ஐஎஸ்ஓவின் முதல் பைட் பென் டிரைவின் முதல் பைட்டாகவே போய் உட்கார வேண்டும். 'டிடி' போன்ற கருவிகள் அதைத்தான் செய்கின்றன. பென் டிரைவில் இருந்த பழையது போய்விடும், கவனம்.

அந்த 512இல் கடைசி 2 பைட் அடையாளத்துக்கு, 64 பைட் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணைக்கு. நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். இதற்குள் ஓர் இயங்குதளத்தை எழுப்ப முடியாது. அதனால் அது தன்னைவிடச் சற்றுப் பெரிய நிரலை எழுப்புகிறது. அந்தப் பெரியது கோப்புகளைப் படிக்கத் தெரிந்தது. அது கர்னலைத் தேடி எடுத்து ரேமில் ஏற்றும். கூடவே ஒரு சிறிய மூட்டையையும் ஏற்றும். அது எதற்கு? டிஸ்கைப் படிக்கக் கர்னலுக்கு டிரைவர் வேண்டும், டிரைவரோ டிஸ்கில் இருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதனால் தேவையான டிரைவர்களை முன்கூட்டியே கட்டி ரேமில் வைத்துவிடுகிறார்கள். டிஸ்க் திறந்ததும் கர்னல் முதல் செயல்முறையைத் தொடங்குகிறது. அதன் எண் எப்போதும் 1. அது மற்றவற்றை எழுப்ப, கடைசியில் லாகின் வரி வருகிறது.

நிறுவுவது எளிதுதான். முழு அதிகாரமுள்ள பயனரான 'ரூட்' என்று உள்ளே நுழைந்து 'செட்டப்-ஆல்பைன்' என்று தட்டினால் விசைப்பலகை, கணினியின் பெயர், இணையம், கடவுச்சொல், எந்த டிஸ்க் என்று வரிசையாகக் கேட்கும். டிஸ்க் கேள்விக்கு முன்னால் பழைய படங்களையும் கடிதங்களையும் வேறு இடத்துக்கு எடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு திரும்பக் கிடைக்காது.

எனக்கு இடறியது தேதி. நிரல் தொகுப்புகளைப் பதிவிறக்கும் கட்டத்தில் சான்றிதழ் பிழை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கேபிளை மாற்றினேன், வேறு சர்வரைக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. 'டேட்' என்று தட்டிப் பார்த்தபோது, அந்தக் கணினி பல வருடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. மதர்போர்டில் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் நொடிக்கு 32,768 முறை துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தை அதுதான் ஓட வைக்கிறது. அது தீர்ந்துபோயிருந்தது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனை காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. என் கணினியின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை, அதனால் நம்ப மறுத்தது. தேதியைக் கையால் திருத்தியதும் எல்லாம் இறங்கிவிட்டது. பழைய மெஷினில் முதலில் தேதியைப் பாருங்கள்.

இப்போது அதில் எதுவும் ஓடாதபோது 50 எம்பிக்கும் கீழேதான் ரேம் செலவாகிறது. ஆல்ட்டோடு எஃப்2 அழுத்தினால் இன்னொரு திரை, எஃப்3 அழுத்தினால் மற்றொன்று. ஒன்றில் எழுதுகிறேன், ஒன்றில் பாட்டு ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் திறக்காத தளங்களும் வீடியோவும் இதில் முடியாது.

தமிழும் அந்தத் திரையில் வராது. இதுதான் எனக்கு மனக்குறை. விஜிஏ அட்டவணையில் 256 வடிவங்களுக்கு இடம், நீட்டினால் 512. அதில் தமிழ் எழுத்துகளை அடைத்தாலும் போதாது. 'கொ' என்பது கோப்பில் க என்ற ஒரு குறியும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியும்தான். திரையில் அந்த உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். கட்டத்துக்கு ஒரு வடிவம் என்று வாழும் திரைக்கு அந்தக் கலை தெரியாது.

ஆனால் கோப்புக்கு ஒரு குறையும் இல்லை. 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் ஒரு கோப்பில் போட்டு அங்கே அனுப்பினேன். திறந்தால் ஒரே மாதிரிக் குறிகள் ஐந்து. பைட்டை எண்ணச் சொன்னால் 15 என்றது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, எழுத்துகளை பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். கணக்கு சரி. அதே கோப்பை இணையம் வழியாக இன்னொரு கணினியிலிருந்து திறந்தேன். 'தமிழ்' என்றே இருந்தது. என் கட்டுரைகளின் நகல்கள் எல்லாம் இப்போது அந்தப் பழைய லேப்டாப்பில்தான் இருக்கின்றன.