மறைசாட்சி: சொல்லும் பொருளும்

கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவரைக் கத்தோலிக்கத் தமிழர் மறைசாட்சி என்கிறார்கள். சிலர் இதற்குத் 'தியாகி' என்று எழுதுவதும் உண்டு. அது பொருந்தவில்லை. தியாகம் என்பது ஒன்றை விட்டுக்கொடுப்பது. மறைசாட்சி என்ற சொல்லின் வேரிலோ இழப்பும் இல்லை, சாவும் இல்லை.

மறைசாட்சி மொழிபெயர்ப்புச் சொல், மூலம் கிரேக்கம். 'மார்த்துஸ்' என்றால் சாட்சி, அவ்வளவுதான். வழக்கில் கண்டதைச் சொல்ல வருகிறவருக்கும் அதே பெயர். "எனக்குச் சாட்சிகளாய் இருப்பீர்கள்" என்று இயேசு சீடர்களிடம் சொல்லும் இடத்தில் வருவதும் இந்தச் சொல்தான். அப்புறம் சாட்சி சொன்னவர்கள் சொன்னதை மாற்றிக்கொள்ளாமல் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். 2-ஆம் நூற்றாண்டுக்குள் சாவும் அந்தச் சொல்லின் பொருளுக்குள் வந்துவிட்டது. லத்தீன் அதை 'மார்ட்டிர்' என்று அப்படியே எடுத்துக்கொண்டது. அரபியின் 'ஷஹீத்' என்ற சொல்லிலும் சாட்சி என்ற பொருள்தான் அடியில் இருக்கிறது.

தமிழில் முதலில் வழங்கியது வேதசாட்சி. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை மூத்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு வேதம் 'மறை' ஆனது. மறைமாவட்டம், மறையுரை வரிசையில் மறைசாட்சியும் வந்தது. சீர்திருத்த சபையினரிடம் இரத்தசாட்சி என்பதே பெருவழக்கு. அது பழகிய சொல்தான், ஆனால் கண்ணை இரத்தத்தின் பக்கமே திருப்பிவிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

சாட்சி வடசொல், 'கண்ணால் கண்டவர்' என்பது அதன் உட்பொருள். இதற்குத் தமிழில் 'கரி' என்றொரு பழஞ்சொல் உண்டு. "இந்திரனே சாலுங் கரி" என்கிறது குறள். இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். தனித்தமிழ் வேண்டுவோர் மறைச்சான்றாளர் என்று எழுதலாம், பிழையில்லை. மறைசாட்சி எல்லோருக்கும் விளங்குவதால் நான் அதையே எழுதுவேன்.

சொல்லின் முழுப் பொருளும் பெட்ரோ கலுங்சோட்டின் வாழ்க்கையில் தெரியும். பிலிப்பைன்ஸின் விசாயா பகுதியைச் சேர்ந்த இளைஞர் அவர். 1668-இல் தியேகோ லூயிஸ் தெ சான் வித்தோரஸ் என்ற இயேசு சபை குருவின் குழுவோடு மரியானா தீவுகளுக்குப் போனார். குருவும் இல்லை, துறவியும் இல்லை. மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார். திருமுழுக்குத் (ஞானஸ்நானத்) தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்று அங்கே வதந்தி பரவியிருந்தது. 1672 ஏப்ரல் 2 அன்று, அத்தீவுகளில் ஒன்றான குவாமின் டூமோன் கிராமத்தில் மத்தாபாங் என்பவர், தன் கைக்குழந்தைக்குக் குரு திருமுழுக்குக் கொடுத்துவிட்டதை அறிந்து கொதித்துப்போனார். ஈட்டிகள் முதலில் பெட்ரோவை நோக்கித்தான் வந்தன. சிலவற்றிலிருந்து விலகித் தப்பினார். ஓடியிருந்தால் பிழைத்திருப்பார் என்றே அவரை அறிந்தவர்கள் நம்பினார்கள். குருவைத் தனியே விட்டுப் போக மனமில்லை. நெஞ்சில் ஈட்டி பாய்ந்து விழுந்தார். அடுத்து குருவும் கொல்லப்பட்டார். பெட்ரோவுக்கு அப்போது சுமார் 17 வயது.

அவர் சாவைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைசாட்சி என்று ஒருவரை ஏற்கத் திருச்சபை முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: கொன்றவர் விசுவாசத்தின் மேல் கொண்ட வெறுப்பால் கொன்றாரா, இறந்தவர் அந்தச் சாவை விசுவாசத்துக்காக ஏற்றுக்கொண்டாரா. இவை நிரூபணமானால், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்துக்குப் புதுமை, அதாவது அற்புதம், தேவையில்லை. பெட்ரோ 2000-இல் அருளாளராகவும், 2012 அக்டோபர் 21 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

குருத்துவமோ துறவற வார்த்தைப்பாடோ இல்லாத இவரைப் போன்றவர்களுக்குத் தமிழில் பொதுநிலையினர் என்று பெயர். 'சாதாரண விசுவாசி' என்று எழுதுவது குறைத்துச் சொல்வதாகும். எழுதும்போது 'மறைசாட்சி அடைந்தார்' என்பதும் தவறு, சாட்சி ஆளைக் குறிப்பதால். 'மறைசாட்சியானார்' அல்லது 'மறைசாட்சியாக இறந்தார்' என்று எழுதினால் சரி.