தம்போலா போதும், கேள்வி கேட்க ஒரு ஆளைக் கொடுங்கள்

"மாசம் தவறாம ஆன்லைன் தம்போலா வைக்கிறோம், கூப்பன் கொடுக்கிறோம். ஆனாலும் டீம் ஒட்ட மாட்டேங்குது." சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்தில், பாதி நாள் வீட்டிலும் பாதி நாள் ஆபீசிலுமாக வேலை செய்யும் டீம்களின் மேனேஜர்கள் இதை வார்த்தை மாறாமல் சொல்கிறார்கள். அதே டீமில், சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பிள்ளை ஒன்று பேப்பர் போட்டிருக்கும், அதாவது ராஜினாமா செய்திருக்கும். காரணம் கேட்டால் "பர்சனல்". மனிதவளத் துறையில் இருப்பவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது ஒன்றுதான்: வேலையில் மாட்டிக்கொண்டபோது யாரைக் கேட்பதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

விளையாடவைத்தால் பழகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள். ஏற்கெனவே பழகியவர்கள் சேர்ந்து விளையாடினால் சந்தோஷம்தான். முகமே தெரியாத 40 பேரை ஒரு வீடியோ காலில் கூட்டினால் ஐந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மியூட்டில் இருப்பார்கள். அந்த ஐந்து பேரும் முன்பே நண்பர்கள். தம்போலாவில் ஒருவர் எண்ணைச் சொல்கிறார், நீங்கள் உங்கள் சீட்டில் அடிக்கிறீர்கள். இதில் எந்த இடத்தில் இன்னொருவரின் தயவு உங்களுக்குத் தேவைப்படுகிறது? போதாக்குறைக்கு அதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைக்கிறீர்கள். ஊருக்குப் போகிறவர் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்க ஓடும் நேரம் அது. குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த அம்மா ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உங்கள் "ஃபன்" முடியக் காத்திருக்கிறார்.

வேலையிடத்தில் நெருக்கம், உதவி கேட்பதிலும் கொடுப்பதிலும் வளர்வது. "இந்த பில்ட் ஏன் ஃபெயில் ஆகுதுன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒருவர் கேட்டு, இன்னொருவர் பத்து நிமிடம் பார்த்துக் கொடுத்தால், அடுத்த வாரம் அவர்கள் சாப்பாட்டைப் பற்றியும் பேசுவார்கள். ஆபீசில் நாற்காலியைத் திருப்பினால் போதும். வீட்டிலிருந்து கேட்டால் அதே கேள்வி, மேனேஜர் உட்பட 12 பேர் படிக்கும் குரூப் மெசேஜாகிவிடுகிறது. "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பார்களோ என்று பயந்து, இரண்டு நாள் தனியாக முட்டிமோதுகிறார்கள்.

"அப்படியானால் எல்லாரையும் ஆபீசுக்கு வரச்சொல்லிவிடலாமே" என்பது அடுத்த அவசரம். பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காம் 2021-22இல் ஷாங்காயில் 1,612 ஊழியர்களை வைத்து முறையாகச் சோதித்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத் தரம் குறையவில்லை. ஆகவே வீட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அதேசமயம் மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களைப் பற்றிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 2020இல் எல்லோரும் முழுக்க வீட்டுக்குப் போனதும், வேறு குழுவினரோடு சேர்ந்து வேலைசெய்யும் நேரத்தின் பங்கு ஏறத்தாழ கால்வாசி குறைந்துவிட்டது. தானாக நடந்துகொண்டிருந்த ஒன்று நின்றுபோனால், அதை யாராவது திட்டமிட்டுத்தான் நடத்த வேண்டும்.

வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வந்து அட்டை தேய்க்கச் சொல்கிறீர்கள், யார் எந்த நாள் வருவது என்று சொல்வதில்லை. ஒருவர் செவ்வாய், இன்னொருவர் வியாழன். வேளச்சேரியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நெரிசலில் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டிலிருக்கும் சகாவோடு காலில் பேசிவிட்டுத் திரும்புகிறார். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். டீம் முழுக்க ஒரே நாளில் வரட்டும், ஒரு நாளாவது. அன்று காலை 11 முதல் 1 வரை எந்த காலும் போடாதீர்கள். டிசைன் விவாதம், கோட் ரிவ்யூ, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கட்டும்.

ஆறு பேர் அறையில், இரண்டு பேர் கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் திரையில் என்ற கூட்டத்தில்தான் சேதம் அதிகம். அறையில் சிரிக்கிறார்கள், திரையில் இருப்பவருக்கு ஏன் என்று தெரியாது. சரிசெய்வது எளிது. ஒருவராவது தொலைவில் இருந்தால் எல்லோரும் அவரவர் லேப்டாப்பில் சேருங்கள். ஒரே ஒரு லேப்டாப்பின் மைக்கும் ஸ்பீக்கரும்தான் திறந்திருக்க வேண்டும். மற்றவற்றில் இரண்டையும் அணையுங்கள், மைக்கை மட்டும் மியூட் செய்தால் ஸ்பீக்கர் வழியாக எதிரொலி வரும். கருத்துக் கேட்கும்போது திரையில் இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். கூட்டம் முடிந்து நடைபாதையில் முடிவை மாற்றினால், அதை அன்றே குரூப்பில் எழுதுங்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். ஒரே ஹாலில் மாமனார் டிவி பார்க்க, மாமியார் கீரை ஆய, நடுவில் அமர்ந்து வேலை செய்கிறவரிடம் "வீடியோ ஆன் பண்ணுங்க" என்று அதட்டுவது நெருக்கம் வளர்க்கிற வழியல்ல.

புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். கூரியரில் லேப்டாப்பும் மெயிலில் 14 லிங்க்கும் அனுப்பிவிட்டு "ஏதாவது டவுட்னா கேளுங்க" என்று விட்டுவிடாதீர்கள், கேட்க மாட்டார்கள். மேனேஜர் அல்லாத, ஓரிரு ஆண்டு மட்டுமே மூத்த ஒருவரைத் துணையாக வையுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம், பிறகு வாரம் இரண்டு முறை. அந்தத் துணைவரின் வேலைக் கணக்கில் இதற்கு மணி ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே நின்றுவிடும். வாரம் இருமுறை 45 நிமிடம் திரையைப் பகிர்ந்து இருவரும் ஒரே டிக்கெட்டில், அதாவது ஒதுக்கப்பட்ட ஒரே வேலையில், சேர்ந்து வேலை செய்யட்டும், கீபோர்டு புதியவர் கையில் இருக்கட்டும். கேள்விகளுக்கென்று டீம் அளவில் ஒரு சேனல் திறந்து, முதல் மூன்று கேள்விகளை டீம் லீடே கேட்கட்டும். பெரியவரே தெரியாது என்று எழுதுவதைப் பார்த்தால்தான் சிறியவருக்கு வாய் திறக்கும்.

டீமில் ஒவ்வொருவருக்கும் மேனேஜரான உங்களோடு தனிச் சந்திப்பு வாரம் 25 நிமிடம். முதல் பத்து நிமிடத்தில் டிக்கெட் நிலவரம் கேட்காதீர்கள். தள்ளிவைக்க நேர்ந்தால் அன்றே வேறு நேரம் குறியுங்கள். இரண்டு முறை ரத்துசெய்தால், தான் முக்கியமில்லை என்று அவர் முடிவுகட்டிவிடுவார். மாலை ஏழு மணிக்கு "பேசணும்" என்று ஒற்றை வார்த்தை அனுப்புவதையும் நிறுத்துங்கள். எதைப் பற்றி, எத்தனை நிமிடம், அவசரமா இல்லையா என்று சேர்த்து எழுதினால் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

வேறு குழுவினரோடு பழக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவராகச் சேர்த்து 20 நிமிடம் பேசவிடுங்கள். வேலை நேரத்துக்குள் வையுங்கள், ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் ஒரு ஜோடி மட்டும் மூவராகட்டும்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் தமிழ், ஒருவர் ஒடிசாக்காரர் என்றால், காலில் தமிழில் சிரித்துவிட்டு "நத்திங், நத்திங்" என்று கடந்துபோகாதீர்கள். தமிழில் பேசுங்கள், உடனே அவருக்கும் விளங்கச் சொல்லுங்கள். அவரை விட்டுவிட்டு நடக்கும் வாட்ஸ்ஆப் குரூப்பில் ரிலீஸ் பற்றி ஒரு வரிகூடப் பேசக்கூடாது.

க்ளையன்ட் அமெரிக்காவில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். நியூயார்க்கில் காலை 9 மணிக்கு நடக்கும் கால், இங்கே மாலை 6:30இலிருந்து 7:30க்குப் போய்விடும். யாரிடமும் கேட்காமல் அந்த ஒரு மணியை விழுங்காதீர்கள். டீமிடம் கேட்டு, க்ளையன்டிடம் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால், யார் எந்த நாள் உட்காருவது என்று முறைபோட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு காகிதத்தில் டீமில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். "கடந்த இரண்டு வாரத்தில் என்னைத் தவிர யாரிடம் உதவி கேட்டீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, அந்த இரு பெயர்களையும் இணைத்துக் கோடு போடுங்கள். கோடே இல்லாத பெயர் ஒன்று இருக்கும். "அவர் ரொம்ப அமைதி" என்று சொல்லித் தள்ளிவிடாமல், நாளைக் காலை அவருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் கொடுங்கள்.