சிறுநீர்ப் பாதையில் அணுபாதையா?

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்து வருகிறவர்கள் 'மூத்திரத்துல அணுபாத உண்டு' என்பது சகஜம். இன்ஃபெக்ஷனுக்கு மலையாளச் சொல் அணுபாத. பேச்சு எப்படியும் இருக்கட்டும். அதையே 'சிறுநீர்ப் பாதையில் அணுபாதை' என்று தமிழில் அச்சடித்தால் படிக்கிறவன் எந்தப் பாதையில் போவான்?

இன்ஃபெக்ஷன் லத்தீன் வழிச் சொல். சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்பது மூலப்பொருள். மலையாளத்து 'பாத', துன்பத்தைக் குறிக்கும் வடமொழி 'பாதா'. அங்கே 'அணு' கிருமியையும் குறிக்கும் என்பதால் அவர்களுக்கு அது சரி. நமக்கோ அணு என்றால் கூடங்குளம். உயிரணு என்றால் உடம்பின் செல். 'பாதா'வும் நம்மிடம் எப்போதோ வாதையாகி வந்துவிட்டது. நாஞ்சில் நாட்டில் வாதை என்றால் ஆளைப் பிடிக்கும் பேய். திருத்துகிறேன் என்று 'அணு பாதிப்பு' போடுவது இன்னும் மோசம், கதிர்வீச்சு பட்டது போலாகிவிடும்.

கிருமித்தொற்று போதும். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறோமே, அதே தொற்றுதான். 'நோய்த்தொற்று' வேண்டாம், தொற்றுவது கிருமி, நோய் பிறகு வருவது. ஒரு சிக்கல் உண்டு: தொற்று என்றதும் பக்கத்தில் இருப்பவர் விலகி உட்காருகிறார். மூத்திரத் தொற்று அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலும் அவரவர் குடலில் இருக்கும் ஈ.கோலி என்ற கிருமிதான் மேலே ஏறுகிறது. பரவும் நோய்க்கு மலையாளி 'பகர்ச்சவியாதி' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார். நம்மிடம் 'ஒட்டுவாரொட்டி' இருந்தது, கைவிட்டோம்.

இதைவிடப் பெரிய பிழை, கிருமி தொந்தரவு தராமல் உடம்பில் தங்கியிருக்கும் காலனைசேஷனையும் தொற்று என்று எழுதுவது. நூற்றில் 20 முதல் 30 பேர் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நிலையாக இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை. அது குடியிருப்பு. அதே கிருமி டிரிப் ஊசி போட்ட இடம் வழியே உள்ளே இறங்கி, தோல் சிவந்து, சுட்டு, வீங்கி, சீழ் கட்டினால்தான் தொற்று. 'குடியேற்றம்' என்பாரும் உண்டு. அது வந்து சேர்ந்ததை மட்டும் சொல்லும். வருடக்கணக்காகத் தங்கியிருப்பதைச் சொல்லாது.

வார்த்தை மாறினால் மருந்தும் மாறும். பல வாரமாக மூத்திரக் குழாய் போட்டிருப்பவருக்கு கல்ச்சரில் (மூத்திரத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மில்லிக்கு 1,00,000 கிருமி வரலாம். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இல்லையென்றால் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போகிறவர்களும் விலக்கு. மொழிபெயர்ப்பாளர் 'தொற்று' என்று எழுதிவிட்டால் வீட்டார் மருந்து கேட்டு நிற்பார்கள். கொடுத்தாலும் குழாய் இருக்கும்வரை கிருமி திரும்ப வரும், அடுத்த முறை அந்த மருந்துக்கு மசியாத கிருமியாக. குழாயோடு தொங்கும் பையில் தேங்கியதை எடுத்துக் கொடுத்தால் கல்ச்சரே பொய் சொல்லும். நாள்பட்ட குழாயை மாற்றி, புதுக் குழாயில் வருவதைத்தான் கொடுக்க வேண்டும்.