பழைய கிளாரினெட் வாங்குகிறீர்களா? முதலில் அந்த ஒரு சுரத்தை ஊதச் சொல்லுங்கள்

பள்ளி பேண்டிலோ தேவாலய இசைக்குழுவிலோ வாசித்துவிட்டு, படிப்பு, வேலை, குடும்பம் என்று பல வருஷம் விட்டவர்கள் இப்போது மறுபடி கிளாரினெட்டைத் தேடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்கள் இணையத்தில் வாங்கிய பழைய வாத்தியங்கள் பழுது மேசைக்கு வந்து சேரும் நிலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கூடவே வரும் பேச்சு அதைவிட வேதனை: "வாத்தியம் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் வாய் போயிடுச்சு."

வாய் போகவில்லை. பேடு, அதாவது துளையை மூடும் சிறு மெத்தை, போயிருக்கிறது.

புதிதாகக் கற்பவருக்கு ஆசிரியர் இருப்பார். வாங்கி ஊதிப் பார்த்துக் குறையைச் சொல்லிவிடுவார். தினமும் வாசிப்பவருக்கு இரண்டே நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். விட்டுத் திரும்புகிறவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார். பழைய நாதம் காதில் இருக்கிறது, ஊதினால் அது வரவில்லை, உடனே பழியைத் தன் உதட்டின் மேல் போட்டுக்கொள்கிறார். மூன்று மாதம் போராடிவிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார். சரிசெய்யக்கூடிய ஒரு காற்றுக் கசிவு, ஒரு மனிதரின் வாசிப்பையே முடித்துவிடுகிறது.

இதற்கெல்லாம் வேர் ஒரு நம்பிக்கை: மர வாத்தியம் பழசாகப் பழசாக இனிக்கும் என்பது. விற்பவர் "அறுபது வருஷத்துப் பீஸ், இப்ப இந்த மரம் கிடைக்காது" என்று எழுதினால் போதும், விலை ஏறிவிடுகிறது. தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். வயலினிலும் வீணையிலும் மரப்பலகைதான் அதிர்கிறது. நாதத்தை வெளியே கொண்டுவருவது அந்தப் பலகை. கிளாரினெட்டில் அதிர்வது ரீடும் (மவுத்பீஸில் கட்டும் மெல்லிய நாணல் தகடு) உள்ளே நிற்கும் காற்றும். மரம் அந்தக் காற்றுக்குச் சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவரின் அளவுதான் எல்லாம். உள்துளையின் விட்டம் 15 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே சுருதி நகரும். பல வருஷம் ஊதாமல் உலர்ந்த மரம் சுருங்கும். வட்டத்துளை நீள்வட்டமாகும். இணைப்பு முனைகள் மெலிந்து ஆடும். துளைகளின் விளிம்பு பொரிந்துபோகும். இதில் எது இனிமையைக் கூட்டும்?

நாதஸ்வரத்தைச் சொல்லி வாதாடுபவர்கள் உண்டு. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்தும் தூணிலிருந்தும் எடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே வயதாவது மரம், வாத்தியம் அல்ல. முறுக்கிக்கொள்வதையும் வெடிப்பதையும் எல்லாம் மரம் முன்பே முடித்திருக்கும். அதன் பிறகுதான் கடைசலில் ஏற்றித் துளைபோடுகிறார்கள். பரணில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்ட கிளாரினெட்டுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

இனி அந்த ஒரு சுரம். விளம்பரங்களில் போடும் காணொளியில் பெரும்பாலும் விரல் எதையும் வைக்காமல் 'ஜி' ஊதிக் காட்டி, "சூப்பரா சத்தம் வருது" என்பார்கள். அந்தச் சுரத்துக்குக் கீழே உள்ள எந்தத் துளையும் மூட வேண்டியதில்லை. பாதி பேடு பிய்ந்து தொங்கினாலும் 'ஜி' பேசும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: எல்லாத் துளைகளையும் மூடி, ஆகக் கீழே உள்ள 'ஈ'யை மெதுவாக ஊதட்டும். பிறகு விரலை எடுக்காமல், இடது கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை (மேல் சுரங்களுக்கு மாற்றும் நெம்பை) மட்டும் அழுத்தி மேலே போகட்டும். பக்கத்தில் கைபேசி ட்யூனர் ஓடட்டும். மேலே வருவது ஸ்டாஃபில், அதாவது ஐந்து கோட்டு இசைக்குறிப்பில், நடுக்கோட்டு 'பி'. வழக்கமான பி-ஃபிளாட் கிளாரினெட்டில் அது 'ஏ'யாக ஒலிக்கும், 440 ஹெர்ட்ஸ். மூன்று விஷயங்கள் ஒரே மூச்சில் தெரிந்துவிடும். கீழ்ச் சுரம் மெதுவாக ஊதும்போதே தடையில்லாமல் பேசினால் பேடுகள் அடைக்கின்றன. ட்யூனர் 'ஜி-ஷார்ப்' காட்டினால் அது பி-ஃபிளாட் அல்ல, அரைச் சுரம் தாழ்ந்த 'ஏ' கிளாரினெட். மூன்றாவதுதான் ஆபத்தானது: முள் 45 முதல் 65 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை மேலே நின்றாலோ, பாதி வழியில் அடுத்த சுரத்துக்கே தாவினாலோ, அது ஹை பிட்ச் வாத்தியம். (பழக்கம் விட்டவர் ஊதினால் 15, 20 சென்ட் அங்குமிங்கும் போகும்; அதைப் பொருட்படுத்த வேண்டாம்.)

ஹை பிட்ச் என்றால், 'ஏ' 452 அல்லது அதற்கும் மேலே இருந்த காலத்துச் சுருதி. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளில் இது 1920-களின் இறுதி வரை நீடித்தது. பூசி, ஹாக்ஸ் என்ற பிரிட்டிஷ் வாத்திய நிறுவனங்கள் இரண்டும் 1930-இல்தான் ஒன்றாயின. அதற்கு முன் தனித்தனிப் பெயரில் முத்திரை குத்திய வாத்தியம் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. சிலவற்றில் எச், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளே குத்தியிருக்கும். 'ஹை குவாலிட்டி' என்று நினைத்து மகிழ்ந்தவர்கள் உண்டு. மவுத்பீஸைக் கழற்றி அளந்தால் சாதாரண பி-ஃபிளாட் சுமார் 60 செ.மீ. இருக்கும், ஹை பிட்ச் ஏறத்தாழ 2 செ.மீ. குறைவு. "பேரலை (மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டைத் துண்டை) இழுத்துச் சரிபண்ணிக்கலாம்" என்பார்கள். முடியாது. பேரலை இழுத்தால் தொண்டைச் சுரங்கள் (விரல் வைக்காத 'ஜி'யும் அதை ஒட்டியவையும்) அதிகம் இறங்கும், கீழ்ச் சுரங்கள் கொஞ்சம்தான் இறங்கும். வாத்தியம் தனக்குள்ளேயே அபஸ்வரமாகிவிடும். தனியாகச் சுருதிப்பெட்டியோடு வாசிப்பவர் பெட்டியை ஏற்றிக்கொண்டு சமாளிக்கலாம். கீபோர்டு சேர்ந்த இடத்தில் வழியே இல்லை.

"தாத்தாவுடையது, எனக்கு ஊதத் தெரியாது" என்று விற்பவர் சொன்னால் அதை நம்பலாம், தவறில்லை. ஆனால் ஓடாத வாத்தியத்தின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். போயம் என்ற விரலமைப்பு முறைக் கிளாரினெட்டில் வழக்கமாக 17 கீ, 17 பேடு. கார்க் நான்கு இடத்தில். இத்தனையும் மாற்ற, துருப்பிடித்த ஊசி ஸ்பிரிங்குகளைச் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று உங்கள் ஊர் ரிப்பேர்காரரிடம் முதலில் கேளுங்கள். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

படங்களில் வளையங்களை எண்ணுங்கள். விரல் துளைகளைச் சுற்றி ஆறு வளையம், வலது சுண்டுவிரலுக்கு நான்கு கீ என்றால் போயம். இரண்டே வளையம், சுண்டுவிரல் கீயில் உருளை இருந்தால் ஆல்பர்ட் என்ற பழைய முறை. நீங்கள் போயத்தில் பழகியவர் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆல்பர்ட் வேண்டாம். விரல் நினைவு முழுக்க எதிராக நிற்கும். பெல்லில் (அடியில் விரியும் துண்டில்) 'பாரிஸ்' என்று இருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள், பெல்லை யாரும் மாற்றிவிடலாம். பஃபே நிறுவனத்தின் வாத்தியம் என்றால் மேல், கீழ் இரண்டு ஜாயின்ட்டின் (உடல் துண்டின்) பின்புறமும் வரிசை எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எண்கள் வேறுவேறு என்றால் இரண்டு வாத்தியத்தை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். மேல் ஜாயின்ட்டின் மேல்பாதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மரத்தில் வெடிப்பு பெரும்பாலும் அங்கே, டிரில் கீ துளைகளை ஒட்டி, தலைமுடி போல ஓடும். எண்ணெய் பூசி மினுக்கிய படம் என்றால் சந்தேகப்படுங்கள், எண்ணெய் வெடிப்பை மறைக்கும்.

ஒரு காட்சி அடிக்கடி வருகிறது. பேடு விளிம்பில் வெண்பனி போல ஒரு படலம், பேடு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். விழுந்த பேடை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பேடை அரக்கு அல்லது சூட்டில் இளகும் பசையால்தான் ஒட்ட வேண்டும். அப்போதுதான் பேடு உட்காரும் கிண்ணத்தைச் சூடுகாட்டி, துளையின் மேல் சமமாக உட்காரும்வரை நகர்த்தலாம். இன்ஸ்டன்ட் பசை நகராது. அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், உடல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் அசிட்டோன் அதையும் சேர்த்துக் கரைக்கும். விற்பவர்களே, கும்பிட்டுக் கேட்கிறோம்: உடைந்தபடியே விற்றுவிடுங்கள்.

பிளாஸ்டிக் என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். திரும்பி வருபவருக்கு நல்ல நிலையில் உள்ள யமஹா 250, 255 அல்லது பஃபே பி-12, வெடித்த மரத்தைவிட எவ்வளவோ மேல். நம் ஊர்க் கடலோரக் காற்றுக்கும் ஏசி அறைக்கும் மாறி மாறி ஈடுகொடுக்கும்.

கையில் வந்ததும் ஊதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உதடும் வேண்டாம், ரீடும் வேண்டாம். மேல் ஜாயின்ட்டைத் தனியே எடுத்து, முன்னே மூன்று துளை, பின்னே கட்டைவிரல் துளை, நான்கையும் இடது கையால் மூடுங்கள். அடிமுனையை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். மூன்று நான்கு வினாடி இழுத்துப் பிடித்து, விடும்போது 'டொப்' என்று சத்தம் வந்தால் நல்லது. கீழ் ஜாயின்ட்டிலும் கீழ் 'ஈ' விரலமைப்பில் வலது கையை வைத்து, இடது உள்ளங்கையால் அடைத்து அதையே செய்யுங்கள். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால், குற்றம் உங்கள் வாயில் இல்லை. திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கெடு முடிந்த மறுநாள் கொண்டுவந்து பலனில்லை.

மர வாத்தியம் என்றால் முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து. ஒவ்வொரு முறையும் துணி இழுத்து உள்ளீரத்தைத் துடைக்க வேண்டும். காய்ந்த மரத்தின் உள்பக்கம் மட்டும் ஈரமேறி விரிந்தால் வெளிப்பக்கம் பிளக்கும். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். சிக்குப்பிடித்துப் பேடுகளில் இறங்கும். கார்க் வறண்டிருந்தால் கார்க் கிரீஸ் தடவிய பிறகே மாட்டுங்கள். மாட்டும்போது மேல் ஜாயின்ட்டின் வளையங்களை அழுத்திக்கொள்ளுங்கள், இரண்டு துண்டையும் இணைக்கும் பாலக் கீ உயர்ந்து வழிவிடும். மறந்து திருகினால் அது வளைந்துவிடும். மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கொதிநீர் பட்டால் எபோனைட் (மவுத்பீஸின் கெட்டி ரப்பர்) பச்சையாகி, கந்தக வாடை அடிக்கும். நுனியில் சிறு பொரிவு இருந்தாலும் அந்த மவுத்பீஸ் வேண்டாம், வேறு வாங்குங்கள்.

கடினத்தில் 3 எண் ரீடில் அன்று வாசித்திருப்பீர்கள். இன்று 2-இல் தொடங்குங்கள், இரண்டு மாதம் கழித்து இரண்டரைக்குப் போகலாம்.