புரோப் நுனி தண்ணீருக்குள்தான் இருக்கிறதா?

டர்பனில் ஜூலை மாதக் குளிர். சாட்ஸ்வொர்த்தில் நான் பராமரிக்கும் உப்புநீர் மீன்தொட்டி ஒன்றின் வீட்டுக்கார அக்கா காலையிலேயே போன் செய்து, "தம்பி, கன்ட்ரோலர் 18 டிகிரி காட்டுது, ஹீட்டர் நிக்கவே மாட்டேங்குது, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது" என்றார். போய்க் கையை விட்டால் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது. என் தெர்மாமீட்டரில் 32! ஹீட்டரைப் பிடுங்கி, மெதுவாக ஆறவிட்டோம். மீன்கள் பிழைத்தன, இரண்டு பவளங்கள் வெளுத்துவிட்டன.

தண்ணீரின் சூட்டை அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்வது புரோப், அதைப் பார்த்து ஹீட்டரை ஓட்டி நிறுத்துவது கன்ட்ரோலர். புரோப் கெடவில்லை. அதைச் சம்ப்பின் (மேல் தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) கடைசி அறையில், பம்ப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஆவியாகும்போது மட்டம் இறங்குவது அந்த அறையில்தான், நாலைந்து நாள் நல்ல தண்ணீர் ஊற்றாமல் விட்டதில் நுனி வெளியே வந்து வீட்டுக் குளிர்காற்றை அளந்துகொண்டிருந்தது, ஹீட்டரும் அதை நம்பி ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் மட்டம் மாறாத நடு அறையில் வையுங்கள், ஹீட்டருக்கு நேர் பக்கத்தில் வேண்டாம். ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டையும் 27க்குத் திருப்பி வையுங்கள், கன்ட்ரோலர் ஏமாந்தாலும் அது நிறுத்திவிடும்.

நம் ஊரில் கரண்ட் போவது புதிதல்ல. பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறும், அப்போது பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) புரோப்பின் ஒயர் ஜாயிண்ட் நனைந்தால் அளவு தாறுமாறாகிவிடும். ஜாயிண்டை உயரத்தில் கட்டுங்கள். பவளங்களுக்காகச் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலும் பிஎச் புரோப் கூடாது, அதன் பிஎச் 12க்கு மேல்.

உப்பளவு புரோப்புக்கு எதிரி காற்றுக்குமிழி. ஸ்கிம்மர் (நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் கருவி) தண்ணீர் வந்து விழும் இடத்தில் வைத்தால் குமிழிகள் உள்ளே ஒட்டி உப்பைக் குறைத்துக் காட்டும், பார்த்தவர் பயந்து உப்பை அள்ளிக் கொட்டுவார். தயவுசெய்து கொட்டாதீர்கள், புரோப்பைத் தண்ணீருக்குள்ளேயே லேசாக ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

சுத்தம் செய்வது எளிது. வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் வினிகரில் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் (வடிகட்டிச் சுத்தமாக்கிய தண்ணீர்) கலந்து கொஞ்ச நேரம் ஊறவையுங்கள், பிஎச் புரோப்பின் கண்ணாடி முனையைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். அலசியபின் பிஎச் 7, பிஎச் 10 என்று விற்கும் அளவுத் திரவங்களில் அளவு சரிசெய்யுங்கள். கழற்றி வைப்பதானால் ஆர்ஓ தண்ணீரில் வேண்டாம், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நுனி நனைந்தபடி இருக்கட்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பிஎச் புரோப் ஒன்றிரண்டு வருடம்தான் வரும், மாட்டிய தேதியை ஒயரிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.