15,300 கிலோமீட்டரும் கெண்டைக்காலும்

நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடி விமானம் இருக்கிறது. சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த ஓர் அம்மா அதில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து திருச்சியில் இறங்கினார். நான்காம் நாள் என்னிடம் வந்தபோது இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. சுளுக்கு என்று மூன்று நாளாக எண்ணெய் போட்டு உருவி விட்டிருக்கிறார்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உருவிவிடவே கூடாத கால் அது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. முழங்காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் அது கீழேயே தேங்கிவிடும். இந்த அம்மாவுக்கு ஜன்னல் ஓர இருக்கை. பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு, கழிவறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார்.

பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் 1993 முதல் 2000 வரை வந்திறங்கிய சுமார் 13.5 கோடிப் பயணிகளைக் கணக்கில் எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கடுமையான நுரையீரல் அடைப்பு, 5,000 கிலோமீட்டருக்குள் பறந்தவர்களில் பத்து லட்சத்துக்கு 0.01. பத்தாயிரத்தைத் தாண்டியவர்களில் 4.8. அபூர்வம்தான், ஆனால் 480 மடங்கு வித்தியாசம். அதுவும் வந்து இறங்கியவுடன் விழுந்தவர்கள் மட்டுமே இதில் சேர்த்தி. வீட்டுக்குப் போய் நான்காம் நாள் கால் வீங்கியவர்கள் இதில் இல்லை.

தூரத்தைச் சொன்னாலும் கால் அறிவது நேரத்தைத்தான். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனாலும் பின்காற்றுக்காகப் பசிபிக் மேல் சுற்றிப் போவதுண்டு. கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. பஸ், ரயில், காருக்கும் இது பொருந்தும்.

சரி, என்ன செய்யலாம்? நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். விழித்திருக்கும்போது அடிக்கடி எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 160 செ.மீ.-க்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். பாதம் தரையைத் தொடாவிட்டால் கீழே ஒரு பையை வையுங்கள். முன்பு ரத்தம் கட்டியவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். அழுத்தக் காலுறை வேண்டுமா என்று அவர் சொல்வார். நீங்களாக ஆஸ்பிரின் போட வேண்டாம்.

பயணம் முடிந்து நான்கு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மணி நேரம் பறந்து வந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த அம்மா நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.